ஆடி முடியட்டும்

ஜூலை 1, சனி. ஆனி 16

பதினேழு நாளைக்குப் பிறகு வீட்டைத் திறந்தோம். புளித்த மாவின் நாற்றம் வாசலிலேயே அடித்தது. சஷ்டிகாவுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று காலையில் ஆட்டிய இட்லி மாவு, அடுப்படி மேடையிலேயே இருந்து பொங்கி வழிந்து தரையெல்லாம் காய்ந்து கிடந்தது. மற்றதெல்லாம் அப்புறம் என்று முதலில் அதைச் சுரண்டிக் கழுவினேன். கை ஓயும்வரை கழுவினேன்.

மகள் பிழைத்துவிட்டாள். இந்த வரியை எழுதத்தான் டைரியை எடுத்தேன்.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். சிவகாசியில் அரை நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். மூன்று நாள் அவளுக்கு நினைவே இல்லை. எட்டு வயது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டாவது வருஷம் பிறந்தவள். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து, உயிரை மட்டும் கொடு, வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

நடை இன்னும் தள்ளாடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். முகம் கழுவக் கண்ணை மூடியவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். படுத்தே கிடந்த பலவீனமாக இருக்கும். காதும் கொஞ்சம் மந்தம். ஊசி மருந்தின் வேகம் இறங்கினால் சரியாகிவிடும்.


ஜூலை 3, திங்கள். ஆனி 18

வேலைக்குப் போனேன். காலண்டர் சீசன், இதற்கு மேல் விடுப்புக் கேட்க முடியாது. அவரும் அதே அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார். மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் பிள்ளையோடு அவர் இருப்பார், மூன்று மணிக்கு மேல் நான்.

ஊர் முழுக்க இந்த வருஷத்தில் இருக்கும்போது நான் அடுத்த வருஷத்தில் இருப்பேன். தினசரி காலண்டருக்குப் பிழை திருத்துகிற வேலை. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம். முந்நூற்று அறுபத்தாறு தாளில் ஓர் எண் தவறக் கூடாது. ஜெபமணி அண்ணாச்சி மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார். நான் அச்சுத் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, சரியாக இருந்தால் ஓரத்தில் கையெழுத்துப் போடுவேன்.

"பிள்ள எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கா அண்ணாச்சி. காதுதான் கொஞ்சம் மந்தமா இருக்கு."

"கூப்பிட்டாத் திரும்புதா?"

"திரும்புவா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "பிப்ரவரி அஞ்சு, திங்கள். நல்ல நேரம் ஆறே கால் ஏழே கால்" என்று ஆரம்பித்தார்.


ஜூலை 5, புதன். ஆனி 20

பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டுக் காதில் விடுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செய்ததுதான். எனக்கும் விட்டிருக்கிறார்கள். எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது.

மதுரையில் முதல் நாள் அவர்கள் கேட்டார்கள், காதில் சீழ் எத்தனை நாளாக வந்தது என்று. இரண்டு நாள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.


ஜூலை 7, வெள்ளி. ஆனி 22

மதுரைக்கு நான் மட்டும் போனேன். அவரால் மெஷினை விட்டு வர முடியவில்லை. சஷ்டிகாவை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு பரிசோதனை செய்திருந்தார்கள். ஸ்கேனும் எடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் ரிப்போர்ட் இன்று.

காது டாக்டர் மெஹருன்னிசா. என் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் நத்தைக்கூடு மாதிரி வரைந்தார். உள்காது அப்படித்தான் இருக்குமாம், அதற்குள் தண்ணீர் இருக்குமாம். பேசிக்கொண்டே பேனாவால் அந்தச் சுருளுக்குள் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தார். நான் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "புரியுதாம்மா?" என்று மூன்று முறை கேட்டார். நான் வேதியியல் படித்தவள். புரிகிறது என்றேன்.

ரிப்போர்ட்டை இந்த டைரியின் பின்னட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

வரும் வழியில் சஷ்டிகாவுக்குக் கொய்யாப்பழம் வாங்கினேன். நல்ல சிவப்புக் கொய்யா.

அவரிடம், ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள் என்று சொன்னேன்.


ஜூலை 9, ஞாயிறு. ஆனி 24

திரும்பினாள்.

கூடத்தில் டிவிக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். டிவியை இப்போதெல்லாம் போடுவதே இல்லை. சத்தம் அவளைக் குழப்பிவிடக் கூடாது. நான் அவளுக்குப் பின்னால் அடுப்படி வாசலில் நின்று, கத்தாமல், சாதாரணக் குரலில் "சஷ்டி" என்றேன். உடனே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளையை. மறுபடி கூப்பிட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கு இது போதும்.


ஜூலை 11, செவ்வாய். ஆனி 26

இன்று ஐந்து முறை கூப்பிட்டேன். கூடத்தில் மூன்று முறை, மூன்றுக்கும் திரும்பினாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது இரண்டு முறை, திரும்பவில்லை. அங்கே காற்று. ஐந்துக்கு மூன்று.

எவர்சில்வர் தட்டைப் பின்னாலிருந்து தரையில் போட்டேன். "என்னமோ விழுந்துச்சு" என்றாள். பாயில் வைத்திருந்த உள்ளங்கையை எடுக்காமலே சொன்னாள். ஆறுக்கு நான்கு.


ஜூலை 13, வியாழன். ஆனி 28

மெஷின் ஹாலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் கையால் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் வேகத்தைக் குறை. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. முஷ்டியை மூடித் திருகினால் மெஷினை நிறுத்து. இரண்டு விரலால் தோளைத் தட்டினால் முதலாளி வருகிறார். ஹாலுக்குள் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து அப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சஷ்டிகா என்னைப் பார்த்ததும் இரண்டு விரலால் தோளைத் தட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதுரையிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அதச் சொல்லிக் குடுக்காதீங்க" என்றேன்.

"விளையாட்டுதான கனி."

"கையக் காட்டிப் பழக்குனா காது சோம்பேறியாயிரும். அவ கேட்டுப் பழகணும்."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவளும் வைத்துக்கொண்டாள்.


ஜூலை 17, திங்கள். ஆடி 1

இன்று அமாவாசை. இந்த ஆடியில் இரண்டு அமாவாசை வருகிறது.

ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். அந்த டாக்டரேதான் சொன்னார்: ஆபரேஷன் செய்து உள்காதில் கேட்பதற்கான கருவியைப் பொருத்தினால், காதில் கொஞ்சநஞ்சம் கேட்கிற சக்தி மிச்சம் இருந்தாலும் அதுவும் போய்விடக்கூடும். சஷ்டிகாவுக்கு மிச்சம் இருக்கிறது. கூடத்தில் திரும்புகிறாள். அப்படியிருக்க, அவசரப்பட்டு மண்டையைத் துளைத்து, இருப்பதையும் தொலைத்துவிட்டால்?

எப்படியும் ஆடியில் யாரும் எதையும் தொடங்குவதில்லை. கடை திறப்பதில்லை, வீடு மாறுவதில்லை, பெண் பார்ப்பதில்லை. ஆவணி 4, திங்கள்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். போன வருஷம் நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள். சுவரில் இருக்கிற காலண்டரில் அந்தத் தாளைத் தூக்கிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். அதற்குள் கேட்கவில்லையென்றால் போவோம். அதற்குள் கேட்டுவிடும்.

அச்சகத்தில் அண்ணாச்சி வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். இந்த நாற்காலில உக்காந்து பத்தொம்பது வருஷமா ராகு காலம் வாசிக்கிறேன். நீ வர்றதுக்கு முன்னால ஒரு வருஷம் வைகாசியில ஒரு நாளுக்கு நல்ல நேரத்த மாத்திப் போட்டுட்டோம். ரெண்டு லச்சம் காப்பி போயிருச்சு. எத்தன பேரு அந்த நேரத்துல தாலி கட்டிருப்பான்! ஒருத்தனும் வந்து கேக்கலியே."

"கேக்கலன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தமா அண்ணாச்சி?"

"நல்லா இல்லாதவனும் எங்களாலன்னு சொல்லலியேம்மா." கொஞ்சம் பொறுத்து, "டாக்டரு என்னதான் சொன்னாரு?" என்றார்.

"அடுத்த தாள் வாசிங்க அண்ணாச்சி" என்றேன்.


ஜூலை 20, வியாழன். ஆடி 4

மதுரை எண்ணிலிருந்து போன். எடுக்கவில்லை. ஏதாவது விளம்பரமாக இருக்கும்.


ஜூலை 22, சனி. ஆடி 6

மறுபடியும் அதே விளம்பரம். இரண்டு முறை.


ஜூலை 25, செவ்வாய். ஆடி 9

அவள் குரல் மாறிக்கொண்டு வருகிறது. ஒன்று கத்துகிறாள், இல்லாவிட்டால் உதடு மட்டும் அசைகிறது. 'ச' வர வேண்டிய இடம் வழுக்கிப் போகிறது. "காசு" என்கிறாளா "காது" என்கிறாளா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மாடி வீட்டு அக்கா, "ஏன் இப்படிக் கத்துறா?" என்று கேட்டாள். காய்ச்சலில் வந்த பிடிவாதம் என்றேன்.

சாயங்காலம் அவளோடு படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். முதலில் அவர்கள் பேசினார்கள். இவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். பிறகு அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் வரைகிற தாளைத் திருப்பி எழுதிக் காட்டினாள்: "எப்ப சரியாகும்?" நான் கீழே "ஆவணி" என்று எழுதினேன். மறுபடி எழுதினாள்: "ஆவணின்னா எத்தன நாள்?" எண்ணிச் சொல்லாமல் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன்.


ஜூலை 28, வெள்ளி. ஆடி 12

சீழ் பதினொரு நாள் வந்தது.

எழுதிவிட்டேன். பதினொரு நாள். ஒன்பதாவது நாள் அவளுடைய வகுப்பு ஆசிரியை நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார்: காதிலிருந்து வாடை வருகிறது, தயவுசெய்து டாக்டரிடம் காட்டவும். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அச்சுத் தாளில் போடுகிற அதே கையெழுத்து. அன்று கோடை விடுமுறைக்குப் பின் வேலை குவிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகலாம் என்றிருந்தேன். ஞாயிறு வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

காதிலிருந்துதான் மூளைக்குப் போயிருக்கிறது. மூளையிலிருந்து மறுபடி உள்காதுக்கு. மெஹருன்னிசா டாக்டர் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. ஒரு வழியைச் சொல்வது போல, இங்கிருந்து இங்கே, இங்கிருந்து இங்கே என்று பேனாவை நகர்த்தினார்.

சஷ்டிகா அப்பாவுக்கு இது தெரியாது. எண்ணெய் தெரியும், நோட்டு தெரியாது.


ஜூலை 31, திங்கள். ஆடி 15

கூடத்தில் நான்குக்கு நான்கு. அடுப்படியில் மூன்றுக்கு ஒன்றுமில்லை. குளியலறை வாசலில் இரண்டுக்கு ஒன்றுமில்லை.

கூடத்தில் மட்டும் ஏன் என்று யோசிக்கக் கூடாது. கூடத்தில் நான்குக்கு நான்கு.


ஆகஸ்ட் 2, புதன். ஆடி 17

நாளை ஆடிப் பதினெட்டு. எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுகிற நாள். கடைசி நான்கு தாளில் இன்று கையெழுத்துப் போட்டு முடித்தேன். அடுத்த வருஷம் முழுவதும் பிழையில்லாமல் இருக்கிறது.


ஆகஸ்ட் 3, வியாழன். ஆடி 18

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

அச்சகத்தில் பூஜை பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது. எல்லோருக்கும் அரை நாள் விடுமுறை. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் கிளறினேன். அவர் புதுக் காலண்டர் அட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார். பெரிய அளவு, மகாலட்சுமி படம், தங்கப் பூச்சு. அவர் ஓட்டிய மெஷினில் அடித்தது. மாட்ட ஆணி இல்லாததால் டிவி மேல் சாய்த்து வைத்தார்.

சஷ்டிகா வழக்கம்போல எதிரே பாயில் உட்கார்ந்து கிளிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவரிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு மாதமாக நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. "இங்க வந்து நில்லுங்க. நான் கூப்பிடுறேன், அவளப் பாருங்க" என்றேன்.

"வேண்டாம் கனி."

"ஒரே ஒரு தடவ."

"சொன்னாக் கேளு. சாப்பிடுவோம்."

"சஷ்டி" என்றேன். பச்சை பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. "சஷ்டி." கொஞ்சம் சத்தமாக, "சஷ்டிகா." பிறகு எத்தனை முறை என்று தெரியவில்லை. தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன். மாடிப் படியில் யாரோ இறங்கி வந்து நின்றார்கள். அவள் கிளியின் வாலை அடித்து முடித்துவிட்டு, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கழுத்துக்கூட அசையவில்லை.

அவர் என்னைத் தாண்டிப் போய், மகாலட்சுமி அட்டையை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

கருத்த டிவித் திரையில் அடுப்படி வாசல் தெரிந்தது. கையில் கரண்டியோடு, வாயைத் திறந்தபடி நான் தெரிந்தேன்.

சஷ்டிகா நிமிர்ந்தாள். உடனே திரும்பினாள். அதே சிரிப்பு. இருபத்தைந்து நாளாக நான் எண்ணிக்கொண்டிருந்த அதே சிரிப்பு.

"என்னம்மா?" என்று கத்தினாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் அவள் முன்னால் மண்டியிட்டு, திரையைக் காட்டி, என்னைக் காட்டி, காதைக் காட்டிக் கையால் ஏதோ கேட்டார். அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடிபட்டுவிட்ட முகம். பிறகு, தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"டிவியில அம்மா தெரிவா. வாய் அசையும். அப்பத் திரும்புவேன். திரும்புனா அம்மா சிரிப்பால்ல."

சாதம் அடிப்பிடித்த வாடை வந்தது. அவர்தான் போய் அடுப்பை அணைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத வாரமே தெரியும். எதுவும் கேக்கலன்னு கையிலயே சொன்னா. கேக்காதவன் எப்படி முழிப்பான்னு இருவது வருஷமா மெஷின் ஹால்ல பாக்குறவன் நான்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு மாசம் பொறுக்கச் சொல்லிருக்காங்கன்னு நீ சொன்னேல்ல. டாக்டரு சொன்னதுன்னு பேசாம இருந்துட்டேன். நீ அந்தப் பிள்ளையக் கூப்பிடுற கூப்பிடுல, எனக்கு வாயத் தொறக்க மனசு வரல."

நான் இந்த டைரியை எடுத்து, பின்னட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

இனி விவரமாக எழுதலாம். இரண்டு காதிலும் எவ்வளவு சத்தம் கொடுத்தும் நரம்பில் பதில் இல்லை. தானாக மீள வாய்ப்பில்லை. உள்காதுச் சுருளுக்குள் சீழ் வந்து போன இடத்தில் எலும்பு வளரும். டாக்டர் வைத்த புள்ளிகள் அந்த எலும்புதான். சுருள் அடைபட்டுவிட்டால் கருவியின் கம்பியை உள்ளே விட வழியில்லை. பிறகு எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் வழியில்லை. ஜூலை ஏழாம் தேதி கொடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் திறந்திருந்தன. "இரண்டு வாரத்துக்குள்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவர் முழுவதும் படித்தார். ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பார். தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். மெஷின் மை ஏறிய விரல்.

"ஊருக்கெல்லாம் தேதி பாத்துக் குடுக்குறவ" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு, சஷ்டிகாவைப் பார்த்து முஷ்டியை மூடித் திருகினார். மெஷினை நிறுத்து. அவள் பென்சில்களை டப்பாவில் போட்டு மூடினாள். சாப்பிடாமலே மூன்று பேரும் மதுரை பஸ் ஏறினோம். பஸ்ஸில் நோட்டு விஷயத்தையும் பதினொரு நாளையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருமங்கலம் தாண்டும்வரை திரும்பவில்லை.


ஆகஸ்ட் 4, வெள்ளி. ஆடி 19

"ஆறு தடவ போன் பண்ணிருக்கோம்மா" என்றார் மெஹருன்னிசா டாக்டர். "லெட்டர் போடலாம்னு அட்ரஸ் தேடிட்டு இருந்தோம்."

மறுபடி ஸ்கேன். அவர் படத்தை விளக்குப் பலகையில் சொருகிவிட்டுக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலது பக்கம் மூடிருச்சு. இடது பக்கம் பாதி வரைக்கும் திறந்திருக்கிற மாதிரி தெரியுது. உள்ள போனாத்தான் சொல்ல முடியும். புதன்கிழமை பண்ணிருவோம். அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது."

"போன மாசமே வந்திருந்தா?" என்று அவர் கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இப்ப வந்திருக்கீங்கள்ல" என்றார். அந்தத் தயவைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். படிகளை எண்ணினேன். எண்ணாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சஷ்டிகா அப்பா சொன்னார். எப்படி என்று கேட்க எனக்கு வாயில்லை.


ஆகஸ்ட் 8, செவ்வாய். ஆடி 23

இடது காதுக்கு மேலே முடியை மழித்தார்கள். விழுந்த முடியை அவள் கையிலெடுத்துப் பார்த்து, "அந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் வேண்டாமாம் என்று எழுதினேன். "ஏன்?"

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "அம்மா லேட் பண்ணிட்டேன்" என்று எழுதினேன். அவள் படித்தாள். 'லேட்' என்பதற்குக் கீழே நகத்தால் கோடு போட்டாள். தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 9, புதன். ஆடி 24

புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. பன்னிரண்டு பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

வண்டியில் படுத்தபடி அவள் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உதட்டில் வைத்தாள். நீ போய் டீ குடி. என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல எனக்கு எந்தக் கைச்சாடையும் வரவில்லை. ஒரு மாதமாக நான்தானே வேண்டாம் என்றேன். கதவு மூடிவிட்டது.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். எலும்பைத் துளைத்துத் துளைத்துத்தான் வழி செய்ய முடிந்ததாம். கம்பியில் சத்தம் கடத்துகிற புள்ளிகள் இருபத்திரண்டு. பத்து உள்ளே போயிருக்கின்றன. மீதிப் பன்னிரண்டுக்கு இடமில்லை.

"பத்துல கேக்குமா டாக்டர்?"

"ஏதாவது கேக்கும். என்ன கேக்கும், எவ்வளவு புரியும்னு இப்ப சொல்ல முடியாது. ஒரு மாசம் கழிச்சுக் கருவிய ஆன் பண்ணிப் பாப்போம்."

ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த முறை உண்மையாகவே.


ஆகஸ்ட் 21, திங்கள். ஆவணி 4

முகூர்த்த நாள். காலையிலிருந்து தெருவில் மூன்று கல்யாண வேன் போய்விட்டது. தாளைக் கிழிக்கும்போது சிவப்பு வட்டத்தை அவர் பார்த்தார். கிழித்து, கசக்காமல், மடித்து என்னிடம் கொடுத்தார். பின்னட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.


செப்டம்பர் 2, சனி. ஆவணி 16

சஷ்டிகா எனக்குக் கைப் பேச்சு சொல்லித் தருகிறாள். பொறுமையே இல்லாத வாத்தியார். தப்பாகச் செய்தால் மணிக்கட்டில் அடிக்கிறாள். 'வலி', 'பசி', 'போதும்', 'பொய்' எல்லாவற்றுக்கும் அவளும் அவரும் புதிதாக உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். 'பொய்' என்பதற்குச் சதுரமாக ஒரு டிவி வரைய வேண்டும்.


செப்டம்பர் 11, திங்கள். ஆவணி 25

இன்று கருவியை ஆன் செய்தார்கள்.

சின்ன அறை. கணினிக்கு முன்னால் ஒரு இளம்பெண். சஷ்டிகாவின் காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்றை வைத்ததும் காந்தம் போல ஒட்டிக்கொண்டது. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்களாம். எப்போது கேட்கிறதோ அப்போது அவள் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அளவை நிறுத்துவார்கள். தப்பாகச் சொன்னால் எல்லாம் தப்பாகிவிடும். இதை அட்டையில் எழுதி அவளுக்குக் காட்டினார்கள். தலையாட்டினாள்.

"பின்னாடி இருந்து நீங்க கூப்பிடுறீங்களாம்மா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"நான் வேண்டாம்" என்றேன். "நீங்களே பாருங்க."

அந்தப் பெண் ஒரு விசையை அழுத்தினாள். சஷ்டிகா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. கருவியைப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று என் முகத்தில் தேடினாள். உதட்டோரம் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியது.

நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். பளபளப்பாக எதுவும் இல்லை. என்னை அவள் எதிலும் பார்க்க முடியாது.

முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் ஒன்றும் இல்லை. விசை அழுத்துகிற ஒலி மட்டும்.

"கேக்கல" என்றாள் சஷ்டிகா.

விசை.

"கேக்கல."

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். விசை. மறுபடி விசை.

"இல்ல." பிறகு, "இரு. இரு, இரு." நாற்காலி நகர்ந்தது. "ஏதோ இருக்கு. டொக்குன்னு. உள்ள யாரோ தட்டுற மாதிரி." பிறகு கத்தினாள், கோபமாக, தெருவுக்கே கேட்கும்படி:

"நல்லாவே இல்லம்மா!"

நான் திரும்பவில்லை. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தனை நேரமும் சுவரைப் பார்த்தபடியே நின்றேன்.